கடைவாய்ப் பல் தின்ற வீடு

பிஸ்மில்லாஹ்.

மருதமுனை,
ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுகிழமை.

கத்தாரில் இருக்கும் அன்பு மகன் றுமைஸுக்கு, வாப்பா முத்தலிப் வாயால் சொல்ல, உம்மா ஸம்ஸியா கையால் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். உன் மீதும் உன்னோடு ஒரே அறையில் படுத்தெழும்பும் பிள்ளைகள் மீதும் அல்லாஹ்வின் றஹ்மத் இறங்கட்டும். நாங்கள் இங்கே சுகம் என்று தொடங்குவதுதான் முறை. போனில் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தொடங்கினேன், அத்தனை தடவையும் பொய் சொன்னேன். இந்தத் தடவை உண்மையாகவே சுகம். ஆகவே நம்பு.

போன் இருக்கக் கடிதம் எதற்கென்று கேட்பாய். எனக்குப் பல் பிடுங்கியிருக்கிறது. பிடுங்கிய ஓட்டையால் பேச்சில் பாதி காற்றாகப் போகிறது. போன வெள்ளிக்கிழமை நான் உனக்குப் பெரிய விஷயமொன்றைச் சொல்ல, நீ அங்கே சிரித்தாய், உன் பெண்சாதி றஸ்னா இங்கே சிரித்தாள், நான் கோபத்தில் இன்னும் வேகமாகச் சொல்ல, போனில் எச்சில் தெறித்ததுதான் மிச்சம். அதோடு, விஷயத்தின் நடுவுக்கு வரும்போதெல்லாம் நீ "வாப்பா, டியூட்டிக்கு நேரமாச்சி" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது. எங்கள் ஒழுங்கையில் லீவில் வந்து நிற்கும் நஜீம் நாளை திரும்பிப் போகிறான், கருவாட்டுப் பொதிக்குள் வைத்து அனுப்புகிறேன். தாளில் மணம் இருந்தால் அது என் பேச்சின் மணமல்ல, கீரிமீன் கருவாட்டின் மணம்.

விஷயம் இதுதான். வாப்பாவின் நெஞ்சு ஒப்பரேஷனைக் கொழும்பில் பெரிய இடத்தில் வைத்துச் செய்யவேண்டும், அதற்காக இன்னும் இரண்டு வருசத்துக்குக் கம்பெனியில் கையெழுத்து வைக்கப் போகிறேன் என்று நீ றஸ்னாவிடம் சொன்னாயாம். இந்த மாத முடிவோடு கையெழுத்து வைக்கவேண்டுமாம். மகன், வைக்காதே. நெஞ்சுக்கு ஒப்பரேஷன் இல்லை. எல்லாம் ஒரு பல்லால் வந்த வினை. அதை முதலில் இருந்து சொல்கிறேன், இருந்து கேள்.

போன வருச நோன்பு மாதம், இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் விண்ணென்று இழுத்தது. நோன்போடு பல் பிடுங்கினால் இரத்தம் தொண்டையில் இறங்கும், நோன்பு முறிந்துவிடும் என்று பெருநாளைக்குப் பின் பார்ப்போம் என்றிருந்தேன். பெருநாள் வந்தது, சாப்பாடு வந்தது, பிடுங்கின வாயோடு எப்படிச் சாப்பிடுவது என்று பெருநாளைக்குப் பின் பிடிக்கிற ஆறு நோன்பைச் சாட்டினேன். ஆறு நோன்பும் முடிந்தது. பிறகு சாட்ட ஒன்றும் இல்லாமல் கறாம்பை நசுக்கிப் பல்லில் வைத்து, வெற்றிலையை வலது பக்கத்துக்கு மாற்றினேன். உன் உம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஓட்டோவில் ஏற்றியிருப்பாள். மருமகன் ஜவுபரின் ஓட்டோவோ எந்த நேரமும் எங்கள் வாசலில்தான் நிற்கும்.

மென்று சாப்பிட முடியவில்லை. இறைச்சியைத் தொடவில்லை. உன் உம்மா மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் கோப்பையை வைத்த சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இவ்வளவு காலமும் இனிச்ச கை இப்ப கசந்து போச்சா உங்களுக்கு?"

"இல்ல புள்ள, பசியில்ல."

"பசியில்லாத ஆளா அடுத்த வீட்டு பொரியல் வாசத்துக்கு எழும்பி இரிக்கிற?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் மகன், கோபத்திலும் அவள் என்னைப் பட்டினி போடவில்லை. பிளேன்ரீக்கு வழமையைவிடச் சீனியைக் கூட்டிப் போட்டு, பணிஸை அதில் ஊறவைத்து, பேசாமல் என் முன்னால் தள்ளிவிட்டுப் போவாள். நானும் பேசாமல் சாப்பிடுவேன். இப்படி இரண்டு பேரும் பேசாத அன்பில் என் சீனி வருத்தம் ஏறியது. (இந்த இடத்தை எழுதமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அல்லாஹ்வுக்காக எழுது என்றேன், எழுதியிருக்கிறாள்.)

சீனி ஏறியதால் காலில் இருந்த சின்னக் கீறல் ஆறவில்லை. கால் ஆறவில்லையென்று, காசு கட்டிப் பார்க்கிற சனல் டொக்டரிடம் போனால் அவர் குளிசையைக் கூட்டினார். கூட்டின குளிசையைச் சாப்பாடில்லாத வயிற்றில் போட்டதால் தலை சுற்றிச் சைக்கிளோடு விழுந்தேன். விழுந்த கைக்குப் படம் பிடிக்கப் போன இடத்தில் காது குத்துகிறது என்றேன். காது டொக்டரைக் காட்டினார்கள். அவர் இரண்டு காதுக்குள்ளும் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, காதில் குற்றமில்லை என்று சொல்லியும் இரண்டு காதுக்கும் மருந்து தந்தார். நோவுக்கு நானாகக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை வயிற்றை அரித்தது. வயிற்று டொக்டர் ஒரு குழாயை என் வாயால் விட்டார். கவனி, வாயால்தான் விட்டார். குழாய் பல்லைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, இரைப்பை வரைக்கும் போய்ப் பார்த்துத் திரும்பி வந்தது. போகும்போதும் வரும்போதும் பக்கத்தில் கிடந்த பல்லை அது எட்டிப் பார்க்கவில்லை. பின்னேரமானால் காய்ச்சல் காய்ந்தது. டெங்குவா என்று இரத்தம் எடுத்தார்கள். கண்ணூறென்று லெப்பையும் வந்து ஓதி முகத்தில் ஊதினார். அந்தக் காற்றுப் பல்லில் பட்டு எனக்கு உயிர் போய் வந்தது. நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, "பாத்தீங்களா, போகுது" என்று லெப்பை மகிழ்ந்தார். கடைசியில் காய்ச்சலுக்கு நெஞ்சைச் சோதித்த டொக்டர், நெஞ்சில் ஒரு கதவு சரியாக மூடவில்லை, மட்டக்களப்பில் ஸ்கேன் எடுங்கள், ஒப்பரேஷனும் தேவைப்படலாம் என்றார்.

"இத்தனை டொக்டரில் ஒருவரிடமாவது பல்லைச் சொல்லக் கூடாதா வாப்பா?" என்று கேட்பாய். உன் உம்மாவும் எழுதுகிற பேனையை வைத்துவிட்டு அதைத்தான் கேட்கிறாள். மகன், நான் மாட்டு வியாபாரி. எழுத்து வாசனை இல்லாதவன். ஆனால் திருக்கோவிலில் இருந்து இந்தக் கரை நெடுக நான் கைமாற்றிய மாடு ஒவ்வொன்றின் பல்லும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் அறுக்க மாடு வாங்குகிறவன் முதலில் பார்ப்பது பல்லைத்தான். பால்பல்லா, இரண்டு பல் போட்டதா, வாய் நிரம்பியதா என்று. எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வாங்க வந்தவன் வாயைத் திறந்து பார்த்துக் கேட்டால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. திறந்து பார்க்காதவனுக்கு நாமாகப் பல்லைப் பற்றிச் சொல்லவும் கூடாது, அது அவனுடைய கண்ணைக் குறை சொன்னது போல. டொக்டர்மாருக்கும் அதே மரியாதையைத்தான் கொடுத்தேன். கால் டொக்டர் காலைப் பார்த்தார், காலுக்குப் பதில் சொன்னேன். காது டொக்டர் காதைப் பார்த்தார், காதுக்குப் பதில் சொன்னேன். இவ்வளவு படித்தவர்கள், பல் சம்பந்தப்பட்டதென்றால் வாயைத் திறக்கச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன். அவர்களோ, பல் நொந்தால் கிழவன் சொல்லமாட்டானா என்று காத்திருந்திருக்கிறார்கள். இடையில் பல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது என்ன வேலை பார்த்தது என்று உனக்குத்தான் தெரியவேண்டும். பெண்பிள்ளை பிறந்த நாளே அவளுடைய சீதன வீட்டுக்கு மண் பறிக்கிற ஊர் நமது ஊர். உன் மகள் றினோஸா பிறந்த பிறகு நீயும் அவளுக்கென்று ஒரு வீட்டைத் தொடங்கிவிட்டுத்தான் பிளேன் ஏறினாய். கேற்றுக்கு அனுப்பியதைக் காது தின்றது. மதிலுக்கு அனுப்பியதை வயிற்றுக்குள் போன குழாய் தின்றது. தரைக்கு மாபிள் போட அனுப்பியது மட்டக்களப்புக்கு ஸ்கேனுக்குப் போனது. மிஞ்சியது கூரை. அதற்கும் இந்தப் பல் வாயைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில்தான், ஒப்பரேஷனுக்கு முன் பல் டொக்டரிடம் காட்டி வாருங்கள், வாயில் கிருமி இருந்தால் நெஞ்சில் கை வைக்கமாட்டோம் என்று நெஞ்சு டொக்டர் சொன்னார்.

நான் ஜவுபரைப் பார்த்தேன். ஜவுபர் என்னைப் பார்த்தான்.

"மாமா, நெஞ்சுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஓட்டோவ எடு" என்றேன்.

அரசாங்க ஆசுபத்திரியில் பல் டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை. துஷாந்தினி என்று பெயர். கதிரையைச் சரித்து என்னை அதில் கிடத்தினார்கள். குர்பான் மாட்டைச் சரித்த மாதிரிக் கிடந்தேன். கலிமாவை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு, பயத்தை மறைக்க ஊர் கேட்டேன்.

"மகளுக்கு எந்த ஊர்?"

"தம்பிலுவில். வாயத் திறங்க ஐயா."

"தம்பிலுவில்ல யார்ர புள்ள?"

"காத்தமுத்தர்ர பேத்தி. வாய நல்லாத் திறங்க."

"எந்தக் காத்தமுத்து? வயல் வட்டை ஓரத்துல மாட்டுப் பட்டி வெச்சிருந்த காத்தமுத்தரா? அவர்ர சிவப்பு நாம்பன், இடக் கொம்பு வளைஞ்சது, கீழ்ப் பல்லு ஒண்டு சொத்தை..."

அந்தப் பிள்ளை கையில் இருந்த கண்ணாடிக் குச்சியோடு அப்படியே நின்றது.

"அந்த மருதமுனை மாட்டு யாவாரிக் காக்கா நீங்கதானா? எங்கட அப்பப்பா சாகும் மட்டும் சொல்லித் திரிஞ்சவர். 'எண்ட நாம்பன்ட வாயப் பாத்திட்டு வேணாமெண்டு போனான் ஒருத்தன், ஒரு பல்லுக் கெட்டா முழு மாடும் கெட்டதாம், தின்னாது, தேறாது, வைக்கோலும் நட்டம் வைத்தியமும் நட்டமாம்' எண்டு."

"ஓம் மகள், நான்தான் சொன்ன" என்றேன். தொழிலை நினைவு வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. வாயைத் திறந்தேன். என் வாயை ஒருவர் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. கட்டை விரலால் கன்னத்தை ஒதுக்கி, நான் மாட்டுக்கு ஒதுக்குகிற அதே மாதிரி ஒதுக்கிப் பார்த்தது. பிறகு கேட்டது.

"இந்த வாய் உள்ள மாட்ட நீங்க வாங்குவீங்களா ஐயா?"

மகன், சந்தையில் ஒருவரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

"சும்மா தந்தாலும் வேணாம் மகள்" என்றேன். பக்கத்தில் நின்ற நேர்ஸ் மிஸி சிரித்த சிரிப்பில் தட்டில் கிடந்த சாமான்கள் குலுங்கின.

அதன் பிறகு அந்தப் பிள்ளை கதிரையை நிமிர்த்தி எனக்கு விளங்கும் மாதிரிச் சொல்லியது. பல் முரசுக்குள், அந்த ஈறுக்குள், சீழ் வைத்தால் சீனி ஏறுமாம், சீனி ஏறினால் முரசு இன்னும் கெடுமாம், இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடுமாம். வாயில் இருக்கும் கிருமி இரத்தத்தோடு ஓடி, பழுதான நெஞ்சுக் கதவில் போய்க் குந்தப் பார்க்குமாம். "எல்லாம் பல்லாலதான் வந்ததெண்டு நான் சொல்லமாட்டன் ஐயா. சீனி உங்களுக்கு முதலே இரிக்கு. ஆனா எரியிற அடுப்புக்குள்ள விறகத் தள்ளிக்கொண்டு இருந்தது இந்தப் பல்லுத்தான்" என்றது. இடப் பக்கத்தில் கெட்டது மூன்று, மருந்து தந்து சீனியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம் என்றது.

நான் ஜவுபரின் காதுக்குள், கூரைக்கு வைத்ததில் எவ்வளவு போகும் என்று கேட்கச் சொன்னேன். அது அந்தப் பிள்ளைக்குக் கேட்டுவிட்டது.

"இது அரசாங்க ஆசுபத்திரி ஐயா. சும்மாதான்."

சும்மா! மகன், காதுக்கு ஒரு கேற்றைக் கொடுத்தவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குப் பல்லைவிட நெஞ்சுதான் நொந்தது. வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் சும்மா முடியவேண்டிய காரியத்துக்கு உன் வியர்வையை எடுத்து ஊர் ஊராகக் கொட்டியிருக்கிறேன்.

இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று பல்லும் பிடுங்கியாயிற்று. நான் ஒரு சத்தமும் போடவில்லை. ஆசுபத்திரியில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். காய்ச்சல் நின்றது. கால் காய்ந்தது. சீனி இறங்கியது. முழுக்கப் போகவில்லை, ஆனால் சொல்வழி கேட்கிறது. நெஞ்சு டொக்டர் திரும்பவும் பார்த்துவிட்டு, இப்போது ஒப்பரேஷன் தேவையில்லை, குளிசையோடு பார்ப்போம், கிளினிக்குக்கு மட்டும் தவறாமல் வாருங்கள் என்றார். உன் உம்மா இறைச்சியைப் பஞ்சு மாதிரி அவித்துத் தருகிறாள், வலப் பக்கத்தால் சாப்பிடுகிறேன். பேச்சும் திரும்பி வந்துவிட்டது. ஊறவைத்த பணிஸ்தான் இல்லை. பிடுங்கிய பல்லை மண்ணில் புதைப்பது நம் வழக்கம் அல்லவா, றினோஸாவின் வீட்டு வளவிலேயே புதைத்தேன். தின்றது அந்த வீட்டைத்தானே, அங்கேயே கிடக்கட்டும்.

இன்னும் ஒன்று. போன கிழமை நீ வீடியோவில் சாப்பிட்டுக்கொண்டு கதைத்தாயே, அப்போது கோழியை வலப் பக்கத்தால் மட்டும் சப்பினாய். தண்ணீர் குடிக்கும்போது தலையைச் சரித்தாய். றஸ்னா கவனிக்கவில்லை, உம்மா கவனிக்கவில்லை. மாட்டு வியாபாரியிடம் மறைக்காதே. அங்கே பல் டொக்டருக்குக் காசு அதிகம் என்று நீ கறாம்பு வைத்துக்கொண்டு இருக்கிறாய், அந்தக் காசை இங்கே எனக்கு அனுப்பியிருக்கிறாய். நான் செய்த மடைத்தனத்தை நீயும் செய்யாதே. உன் வாயைத் திறந்து பார்க்க எட்டாத தூரத்தில் இருந்து கேட்கிறேன், கேட்டுவிட்டால் மறைக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் நீ சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீ போகும்போது றினோஸாவுக்குக் கீழே இரண்டு பல் மட்டும் எட்டிப் பார்த்தது. இடையில் லீவில் வந்து நின்ற கொஞ்ச நாளில் அவள் உன்னைக் கடித்துவிட்டாள் என்று கையைக் காட்டிச் சிரித்தாயே, அப்போது வாய் நிரம்பியிருந்தது. இப்போது முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அவளும் நானும் கதைத்தால் வீட்டில் காற்றுத்தான் அடிக்கிறது. விழுந்த இடத்தில் புதுப் பல் வெள்ளையாக முளை காட்டுகிறது. இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைத்தாயென்றால், பால்பல்லோடு ஒரு மகள் இருந்தாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் உனக்குத் தெரியும். கேற் இல்லாத வீட்டில் ஆட்கள் இருக்கலாம். மதில் இல்லாத வீட்டிலும் இருக்கலாம். கூரைக்கு வைத்தது பத்திரமாக இருக்கிறது. இங்கே வந்து ஒரு தொழிலைப் பார், கூரையை நாம் போடுவோம்.

நான் இதைச் சொல்வது எனக்கு மருந்துச் செலவு இல்லை என்பதற்காக மட்டும்தான். உன்னைக் காணாமல் மனம் தேடுகிறது என்பதற்காக அல்ல. எனக்கு ஒன்றும் தேடவில்லை. எந்தப் பயமும் இல்லை. உம்மா இதை அப்படியே எழுதட்டும்.

உன்னோடு வேலை செய்யும் எல்லோருக்கும் என் ஸலாம். அல்லாஹ் உன் கைகால்களையும், குறிப்பாக உன் பற்களையும் பாதுகாப்பானாக. ஐந்து நேரமும் தொழு, தொழுகைக்கு முன் பல்லைத் துலக்கு. நபிவழி என்று சிறு வயதிலேயே ஓதிக் கொடுத்ததுதான், நான் காது கொடுத்துக் கேட்டேன், வாய் கொடுத்துக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வாப்பா முத்தலிப்
(பெருவிரல் அடையாளம். பக்கத்தில் இருக்கும் சிவப்பு வெற்றிலைக் கறை, இரத்தமல்ல.)

பின்குறிப்பு: மகன், மேலே எழுத்து என்னுடையது, பேச்சு அவருடையது. இதில் இரண்டும் என்னுடையது. அவர் பள்ளிக்குத் தொழப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். மேலே சொன்னதில் மூன்று பல் என்பது பொய். பிடுங்கியது இரண்டுதான். மூன்றாவது பல்லுக்குப் போன அன்று, ஊசியைக் கண்டதும் "அஸருக்கு நேரமாச்சி" என்று கதிரையால் எழும்பி, ஜவுபரின் ஓட்டோவுக்குள் போய் இருந்துவிட்டார். அஸர் பின்னேரத் தொழுகை, அப்போது காலை பத்து மணி. சத்தம் போடவில்லை என்பதும் பொய், முதலாவது பல்லுக்கு அவர் பிடித்த பிடியில் என் காப்பு வளைந்து போயிருக்கிறது. அந்தப் பல் கிடந்தால் சீனி திரும்ப ஏறும், காய்ச்சலும் திரும்ப வரும் என்று டொக்டர் பிள்ளை எச்சரித்து, வேறு நாள் தந்திருக்கிறா. இவரோ, "றுமைஸ் வந்து பக்கத்துல நிண்டாத்தான் அந்தக் கதிரையில இருப்பன்" என்கிறார். "நான் கையப் பிடிச்சாப் போதாதா?" என்று கேட்டேன். "ஒண்ட கை நடுங்குது புள்ள" என்றார். நடுங்கியது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். வளவில் மூன்று பல்லுக்கும் ஒரே நாளில் குழி தோண்டிவிட்டார், ஒன்று இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. மழைக்குத் தூர்ந்து போகாமல் அதன் மேல் சிரட்டை கவிழ்த்து வைத்திருக்கிறார். நேற்று றினோஸா, விழுந்த தன் பல்லை அதற்குள் போடட்டுமா என்று கேட்டாள். "வேணாம் மகள், அது ஒண்ட வாப்பா வந்துதான் மூடணும்" என்று சொல்லிவிட்டு, சிரட்டையை இன்னும் அழுத்தி வைத்தார். டொக்டர் தந்த நாள் உன் கம்பெனிக் கொன்றாக் முடிந்து மறுகிழமை வருகிறது.